போர் முடிந்தது, பணி முடியவில்லை

மாதுங்காவில் மின்சார ரயிலேறித் தெற்கே சென்று, பரேலையும் பைகுல்லாவையும் கடந்து, கோட்டைப் பகுதியில் இறங்கிக் கொலாபாவை அடைந்தால், அங்கே கடற்படை மாலுமி ஒருவரின் சிலையைக் காணலாம். தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவரில் பலர் அதைப் பார்த்திருக்கக்கூடும். 1946-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்நகரில் மூண்ட மாலுமிகள் கிளர்ச்சியின் நினைவுச் சின்னம் அது.

அக்கிளர்ச்சி என்றதும் கப்பல்களில் ஏறிய கட்சிக் கொடிகளும், இந்திய தேசிய இராணுவத்தினரை விடுதலை செய்யக் கோரிய முழக்கமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை நிகழ்ந்தவை உண்மையே. ஆனால், மாலுமிகளின் கோரிக்கைப் பட்டியலில் மற்றொன்றும் இருந்தது. தங்களைக் காலந்தாழ்த்தாமல் படையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதே அது. நாம் இன்று பேச விழைவது அதைப் பற்றித்தான்.

1939-இல் இந்தியக் கடற்படையில் சுமார் 2,000 பேரே இருந்தனர். 1945-இல் அத்தொகை ஏறத்தாழ 30,000 ஆயிற்று. புதிதாய்ச் சேர்ந்தவர்களில் மிகப் பலர், போர் நீடிக்கும் வரை என்னும் நிபந்தனையின்மேல் கையெழுத்திட்ட இளைஞர்கள். நிபந்தனை எளிதாகத்தான் தோன்றுகிறது. ஆயின் போர் முடிந்துவிட்டதென்று சொல்ல வேண்டியவர் யார்? ஜப்பான் பணிந்தது 1945 ஆகஸ்டில்; சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டது செப்டம்பர் 2-ஆம் நாள். இந்தியாவிலோ போர்க்கால அவசர நிலைப் பிரகடனம் நீக்கப்பட்டது 1946 ஏப்ரல் 1-ஆம் நாளில்தான். பீரங்கிகள் ஓய்ந்த நாளுக்கும், அவை ஓய்ந்தனவென்று சர்க்கார் ஒப்புக்கொண்ட நாளுக்கும் இடையே ஏழு மாதங்கள் கழிந்தன.

அந்த ஏழு மாதங்களும் வெறுமையாகக் கழியவில்லை. ஜப்பானியர் விட்டுச் சென்ற ஜாவாவில் டச்சுக்காரர் மீண்டும் வந்து அமர்வதற்கு வழி திறக்க, இந்தியச் சிப்பாய்கள் அனுப்பப்பட்டனர். 1945 நவம்பரில் சுரபாயா நகரில் இந்தோனேசிய விடுதலை வீரர்களுடன் பொருதியது இந்தியப் படைப்பிரிவே. ஜப்பானையும் ஜெர்மனியையும் எதிர்க்கச் சேர்ந்தவன், தன்னைப்போல் அடிமைப்பட்ட நாட்டினன்மேல் துப்பாக்கி நீட்ட வேண்டியவனானான். இந்தியப் படைகள் ஜாவாவை விட்டகன்றது 1946-இன் இறுதியில்தான். இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெறுக என்று பம்பாய் மாலுமிகள் கேட்டது, இரவல் வாங்கிய அரசியலன்று; விடுவிப்புக் கோரிக்கையும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை.

தாமதத்தைக் கண்டு சினந்தவர் இந்தியர் மட்டுமல்லர். 1946 ஜனவரியில் கராச்சியிலிருந்த பிரிட்டிஷ் விமானப் படையினரே வேலைநிறுத்தம் செய்தனர். வயதையும் பணிக்காலத்தையும் கணக்கிட்டு வரிசைப்படி வீடு திருப்பும் திட்டம் அவர்களுக்கு இருந்தது. அது நத்தை வேகத்தில் நகர்கிறது என்பதே குறை. கான்பூர், இலங்கை, சிங்கப்பூர் என்று வேலைநிறுத்தம் பரவிற்று. கப்பல் போதவில்லை என்பது லண்டன் சர்க்காரின் விடை. சிலர்மீது இராணுவ விசாரணை நடந்தது. பெரும்பாலோர் தண்டனையின்றித் தப்பினர்.

இந்திய மாலுமியின் நிலை இன்னும் சிக்கலானது. அவனுக்கு இரண்டு அச்சங்கள். ஒன்று, விடமாட்டார்கள் என்பது. மற்றொன்று, விட்டுவிட்டால் என்ன செய்வது என்பது. ஊரில் வேலை இல்லை. உணவுப் பங்கீடோ இறுகியிருந்தது. படையில் ஆள் சேர்த்தோர் வாரி வழங்கிய வாக்குறுதிகளும் பொய்த்துப் போயின. அவன் கேட்டதெல்லாம் ஒரு தேதியும், அதற்குப் பின் ஒரு பிழைப்பும். விடுவிக்கும்போது சீருடையைத் திருப்பிக் கேட்கலாகாது என்பதுகூடக் கோரிக்கைகளுள் ஒன்று. உடுக்க மாற்றுத் துணி இல்லாதவன் கேட்கும் கேள்வி அது.

இந்தப் புழுக்கம் வெடித்த இடம் 'தல்வார்'. பெயர் கப்பலுக்குரியது, ஆனால் அது கொலாபாவில் கரைமேல் அமைந்த தந்திப் பயிற்சி நிலையம். பிப்ரவரி 18, திங்கட்கிழமை, கெட்டுப்போன உணவை உண்ண மறுத்து மாலுமிகள் பணியை நிறுத்தினர். மேலதிகாரியின் இழிசொற்களும், சுவரில் 'ஜெய் ஹிந்த்' எழுதியதற்காகப் பி. சி. தத் என்ற மாலுமி கைதானதும் முன்னரே நெஞ்சைச் சுட்டிருந்தன. மறுநாள் எம். எஸ். கானைத் தலைவராகவும் மதன் சிங்கைத் துணைத் தலைவராகவும் கொண்டு வேலைநிறுத்தக் குழு அமைந்தது. எழுபதுக்கு மேற்பட்ட கப்பல்கள், இருபது கரை நிலையங்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று அது பெருகிற்று. சென்னையிலிருந்த 'அடையாறு' நிலையமும் சேர்ந்துகொண்டது.

21-ஆம் தேதி கோட்டைப் பாசறையில் துப்பாக்கிகள் முழங்கின. அன்று கடற்படைத் தலைவர் காட்பிரே, வானொலியில், கடற்படையே அழிந்தாலும் அடக்கியே தீருவோம் என்னும் பொருள்பட எச்சரித்தார். நாம் நன்கறிந்த இந்தச் சாதனம் அன்று அப்பணிக்கும் பயன்பட்டது! மறுநாள் பம்பாயின் ஆலைகளும் ரயில் பணிமனைகளும் கதவடைத்தன. தெருக்களில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் இருநூறுக்கு மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். பரேலின் தொழிலாளர் தெருக்கள் அதிகம் இரத்தம் சிந்தின. பழிவாங்கல் இராது என்று சர்தார் படேல் தந்த உறுதியை ஏற்று, 23-ஆம் தேதி காலை மாலுமிகள் பணிந்தனர்.

பின்னர் அமைந்த விசாரணைக் குழுவின் தலைவர் நீதிபதி பசல் அலி. கொச்சித் தலைமை நீதிபதி கே. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் அதன் உறுப்பினருள் ஒருவர். உணவு, ஊதியம், நிறபேதம், பொய் வாக்குறுதி, விடுவிப்பில் குழப்பம் ஆகிய குறைகளை அக்குழு ஏடேறச் செய்தது. ஆனால் உறுதிமொழி காக்கப்படவில்லை. 476 மாலுமிகள் வேலையிழந்தனர். மாதக்கணக்கில் கேட்டுக் கிடைக்காத விடுவிப்பு, தண்டனையாக வந்தபோது மட்டும் தாமதமின்றி வந்தது.

நாடு விடுதலை பெற்ற பின்னும் அவர்களை இந்தியக் கடற்படையோ பாகிஸ்தான் கடற்படையோ திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. பல்லாண்டுகளுக்குப் பிறகு நம் கடற்படை தன் இழுவைக் கப்பல்கள் இரண்டிற்கு மதன் சிங், பி. சி. தத் எனப் பெயர் சூட்டிற்று.