கிழங்குப் பூச்செடிகளைப் பிரித்து நடல்

மண்ணுக்கடியில் கிழங்காகவோ குமிழாகவோ உறங்கிக் கிடந்து, பருவம் வந்ததும் மீளத் தளிர்த்துப் பூக்கும் பல்லாண்டுச் செடிகள், நாளடைவில் தம் சந்ததியாலேயே நெருக்குண்டு பூக்குன்றிப் போகாதவாறு, அவற்றைக் கிண்டியெடுத்துக் கூறாக்கி மீண்டும் நடுவது பிரித்து நடல் எனப்படும். நெருங்கிய புதரில் வேர்கள் ஒரே மண்ணிலுள்ள நீருக்கும் பசளைக்கும் போட்டியிடுகின்றன; ஒளி குறைந்த இலைகள் சேமித்துக் கீழே அனுப்பும் உணவும் குறைகிறது; ஆகவே அடுத்த ஆண்டுக் கிழங்கு சிறுத்து, தளிர் உண்டாகியும் மொட்டு உண்டாவதில்லை.

குளிர்நாட்டு நூல்கள் இப்பணிக்கு இளவேனிலையும் இலையுதிர் காலத்தையும் விதிக்கின்றன. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் காலத்தை நிர்ணயிப்பது மழையே. வடகீழ்ப் பருவமழை ஐப்பசி முதல் மார்கழி வரை ஆண்டின் பெரும்பகுதி நீரைக் கொட்டிவிடுவதாலும், ஆனியிலிருந்து ஆவணி வரை நிலம் வறண்டு கிடப்பதாலும், கிழங்குகளைப் புரட்டாதியில், முதன்மழைக்குச் சற்று முன்னர் நடுதலே உசிதம். களிமண் நிலமாயின், உலர்ந்த கட்டியை அலவாங்கால் நெம்பினால் கிழங்கு ஒடியும். ஆதலால் முதல்நாளே நீர் தெளித்து இளக்கிக்கொள்ள வேண்டும். மழைநீர் தேங்கி அழுகாதிருக்க மேட்டுப்பாத்தி இன்றியமையாதது.

வன்னியில் பற்றைகளிலும் வேலிகளிலும் தானே படரும் கார்த்திகைப்பூவே இம்முறைக்கு மிகச் சிறந்த உதாரணம் என்பது எமது கருத்து. காந்தள் எனச் சங்கப் புலவர் போற்றியதும், குறிஞ்சிப்பாட்டின் மலர்வரிசையில் முதலிடம் பெற்றதும், தமிழ்நாட்டின் மாநில மலராய் விளங்குவதும் இதுவே. கலப்பைக்கிழங்கு என்னும் பெயரும், கலப்பையைக் குறிக்கும் லாங்கலம் என்ற வடசொல்லிற் பிறந்த இலாங்கலி என்னும் பெயரும் கிழங்கின் வடிவத்தையே சொல்கின்றன. பருவந்தோறும் பழைய கிழங்கு சுருங்கி அழிய, தண்டின் அடியில் கவையாய் விரிந்த புதிய இரு கைகள் உருவாகின்றன. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரேயொரு முளைக்கண் உண்டு. நுனி ஒடிந்தால் அக்கை பெரும்பாலும் பாழ். எனவேதான் காந்தளைப் பிரிப்பவருக்கு வலிமையினும் பொறுமையே வேண்டும் என்கிறோம். கொடி காய்ந்து மறையுமுன் அருகில் ஒரு முளைக்கம்பு நாட்டிவைத்தால், பின்னர் இடந்தெரியாமல் வெட்டிச் சிதைக்க நேராது. கவை கூடுமிடத்தில் மெல்லப் பிரித்து, வெட்டுவாயை நிழலில் உலரவிட்டு, ஏறத்தாழ நான்கு அங்குல ஆழத்தில் படுக்கை வாட்டாகக் கிடத்தி மண்மூட வேண்டும். இலைநுனியே பற்றுச்சுருளாய் மாறி ஏறுமாதலால் வேலியருகே நடுதல் நலம்.

கிழங்கு முழுவதிலும் கொல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. வேறு கிழங்கென்று மயங்கி உண்டோர் இலங்கையில் மாண்டிருக்கின்றனர். அதே நஞ்சு அளவோடு கீல்வாதத்துக்கு மருந்தாவதால், தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம் பகுதிகளில் இது விதைக்காகப் பயிராகிறது. கையைக் கழுவுவதும், சிதறல்களைக் குழந்தையும் கன்றுகாலியும் அணுகாமற் புதைப்பதும் கட்டாயம்.

கல்வாழைக்கு இத்துணை அச்சமில்லை. கண்ணுள்ள எந்தத் துண்டும் முளைக்கும். நிலச்சம்பங்கியிலோ ஒருமுறை பூத்த குமிழ் மறுபடி பூப்பதில்லை. பக்கக் குமிழ்களே பூக்கும். மூன்றாண்டுக்கொருமுறை அவற்றைப் பிரித்து, பருத்தவற்றைப் பாத்தியிலும் சிறியவற்றை ஓராண்டு புறம்பாகவும் வளர்ப்பர்.