விநியோகச் சங்கிலி மேலாண்மையில் முனைவர் பட்ட ஆய்வு

மூலப்பொருள் கிடைக்கும் இடத்திலிருந்து நுகர்வோர் கைக்குச் செல்லும்வரை சரக்கு, பணம், தகவல் ஆகிய மூன்றின் ஓட்டத்தையும் ஒருங்கே திட்டமிடுவது விநியோகச் சங்கிலி மேலாண்மை எனப்படும். 1982இல் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர் வழக்கிற்குக் கொண்டுவந்த இத்தொடர் பின்னர் தனி ஆய்வுத்துறையாக வளர்ந்தது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது 3 ஆண்டுகள் ஆகும். பாடநெறி, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு ஆகியன அதன் படிநிலைகளாகும்.

இத்துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் தொழிற்சாலைகளையும் துறைமுகங்களையும் சுற்றியே அமைவது ஒரு குறையே. காரைக்கால் மாவட்டத்தின் மீனவ ஊரான கிளிஞ்சல்மேடு, எளிதில் கெடும் பொருளின் சங்கிலியை ஆராய்வோருக்கு வளமான களமாகும். பிடித்த மீன் ஐஸில் இடப்பட்டு, ஏலத்தில் விலை பெற்று, வியாபாரிகள் வழியே உள்ளூர்ச் சந்தைக்கும் வெளியூருக்கும் பிரிவதற்குள் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் தரத்தையும் விலையையும் குறைக்கிறது. வலைக்கும் படகுக்கும் முன்பணம் தரும் வியாபாரிக்கே மீனை விற்க வேண்டிய கட்டு இருக்குமிடத்தில், சரக்கின் பாதையைக் கடனே தீர்மானிப்பதால், தூரத்தையும் செலவையும் மட்டும் கணக்கிடும் கணித மாதிரி அங்கே போதாது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலம் வரத்தைச் சுருக்குவதால், தரவு சேகரிப்பு தடைக்கு முன்னும் பின்னும் நிகழ வேண்டும். 2004 ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியபின், நிவாரணப் பொருள்களின் பகிர்வை ஆராயும் மனிதநேய விநியோகச் சங்கிலி என்னும் கிளை உலகளவில் வேகம் பெற்றது.