தேறல் முதல் தோட்டத்துக் கள்ளு வரை: கிள்ளான் பள்ளத்தாக்கில் மணச் சொற்களின் வரலாறு

திராட்சை மதுவின் மணத்தை எப்படிச் சொல்வது என்ற சிக்கலுக்கு மேலைநாட்டார் கண்ட வழி ஒரு சக்கரம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984இல் மணச் சொற்களைத் தரப்படுத்தி வெளியிட்டார்கள். ‘உயர்ந்தது’, ‘நேர்த்தியானது’ போன்ற பாராட்டுச் சொற்களை அவர்கள் ஏற்கவில்லை. மிளகு, கிராம்பு, வெட்டிய புல் என்று யாரும் முகர்ந்து சரிபார்க்கக்கூடிய பொருள்களையே எடுத்துக்கொண்டார்கள். சொல்பவரும் கேட்பவரும் ஒரே மணத்தை நினைக்க வேண்டும் என்பதே நோக்கம். தமிழில் இதற்கு ஈடாக என்ன இருந்தது, மலாயாவுக்குக் கப்பலேறிய பின் அது என்னவானது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

சங்க இலக்கியத்தில் மதுவுக்கு வழங்கும் பெயர்கள் பல: கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி, அரியல், பிழி. இவற்றை ஒரே பொருளின் மறுபெயர்களாக அடுக்கிவிடும் அகராதி வழக்கம் பெரிய இழப்பு. தேறல் என்பது தெளிந்தது. தோப்பி வீட்டில் அரிசியால் ஆக்கியது. நறவு என்ற பெயரிலேயே மணம் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை மது ஆக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. அரிசிக் களியை அகன்ற தட்டில் ஆற்றுகிறார்கள். முளை அடையை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விட்டு, பச்சைத்தன்மை நீங்கும்வரை விளைய விடுகிறார்கள். அந்தப் பச்சைத்தன்மைக்கு அங்கே வழைச்சு என்று தனிச்சொல் ஒன்று உண்டு. முதிராத மதுவை இனங்கண்டு ஒதுக்கத் தெரிந்த ஒருவருக்குத்தான் அப்படிப்பட்ட சொல் தேவைப்படும். மலைபடுகடாமும் திருமுருகாற்றுப்படையும் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளைக் காட்டுகின்றன. நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டுக்கு ஒப்பிடுகிறது ஔவையாரின் 392ஆம் புறப்பாட்டு. யவனர் கொண்டுவந்த மது 56ஆம் புறப்பாட்டில் வரும்போதும், அதன் குளிர்ச்சியையும் கமழ்வையும்தான் நக்கீரனார் முதலில் சொல்கிறார்.

வழைச்சு, முதிர்ந்தது, நாள்பட்டது போன்ற சொற்கள் காலத்தை அளப்பவை. திராட்சை மதுவின் பேச்சு கொடி வளர்ந்த மண்ணையும் அறுவடை ஆண்டையும் சுற்றி வரும். கள்ளின் பேச்சு பொழுதைச் சுற்றி வரும். காரணம் மரத்திலேயே இருக்கிறது. பாளையைக் கட்டி, தட்டி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவினால் சாறு சொட்டும். கலயத்தில் விழும்போதே காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் அவற்றுள் ஒன்று. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காலையில் இறக்கியதில் இனிப்பு தூக்கலாக இருக்கும். பொழுது ஏறினால் நுரையும் கடுப்பும். மறுநாள் புளிப்பு, பிறகு காடி. இந்தப் படிகளை மூக்கால் அறிந்தவர் மரமேறி. சொற்களும் அவரோடுதான் இருந்தன.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் கள் கடைச்சரக்காயிற்று. அங்கே தென்னங்கள்ளு உரிமம் பெற்ற கள்ளுக்கடையில் விற்கப்பட்டது. பால்மரம் வெட்டி, பால் நிறுத்து, வெயிலில் களைத்து லயத்துக்குத் திரும்பியவர் குடித்தது எந்த மரத்தில் எப்பொழுது இறக்கியது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இறக்குபவரையும் குடிப்பவரையும் கடை பிரித்தது. மணச் சொற்கள் தேய்ந்ததற்கு முதல் காரணம் இந்தப் பிரிவே என்பது என் கருத்து.

இரண்டாவது காரணம் அரசியல். அதை மதிப்போடு சொல்ல வேண்டும். ஈரோட்டில் 1921இல் பெரியாரின் துணைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்கு முன்னின்றார்கள். 1937 அக்டோபர் 1ஆம் நாள் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இந்தக் காற்று கடல் கடந்தும் வீசியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்னணியில் நின்றவர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்ற கோரிக்கைகளோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, தொழிலாளர் உயிரிழந்தார்கள். கூலியைக் கடை விழுங்கிய இடத்தில் அக்கோரிக்கை முழுக்க நியாயமானது. அதன் பின் நம் எழுத்தில் கள் வந்தால் அது குடும்பம் கெட்ட கதையாகவே வந்தது. சாம்சு என்னும் மலிவு மது பரவியபோது அந்தப் பேச்சு இன்னும் கடுமையாயிற்று. உயிர் பறிக்கும் ஒன்றின் வாசத்தை விவரிக்க யாருக்கும் மனம் வராது.

இதனால் தமிழரின் மண அறிவே மங்கிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மணச் சொற்கள் பிழைப்பைச் சார்ந்து வாழ்கின்றன என்பதற்கு மலேசியாவிலேயே சான்று உண்டு. பேராக், கிளந்தான் காடுகளில் வாழும் ஜகாய் மக்கள் நிறங்களைப் போலவே மணங்களையும் எளிதாகப் பெயரிடுகிறார்கள் என்று அசிபா மஜிதும் நிக்லாஸ் புரென்ஹுல்ட்டும் 2014இல் காட்டினர். 2018இல் மஜித், நிக்கோல் குருஸ்பே இருவரும் உறவு மொழிகள் பேசும் இரண்டு இனங்களை ஒப்பிட்டார்கள். வேட்டையாடி உணவு தேடும் செமாக் பெரி மக்கள் மணங்களைப் பெயரிடுவதில் தேர்ந்திருந்தார்கள். பயிர் செய்யும் செமெலாய் மக்களிடம் அந்தத் தேர்ச்சி இல்லை. மொழிகள் நெருக்கமானவை, வாழ்முறைகள் வேறு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழரின் மண அறிவு தங்கிய இடம் அடுப்படியும் மளிகைக் கடையும். மிளகாய் வறுத்தால் நெடி, மீனில் கவிச்சி, பழைய எண்ணெயில் காறல், நனைந்த சாக்கில் மக்கல், பருப்பு அடிப்பிடித்தால் தீய்ந்த வாடை. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஹாஞிர், ஹாங்கிட், ஹாப்பாக் என்று கவிச்சியையும் கருகலையும் மக்கலையும் தனித்தனியே சொல்வது இங்கே வளர்ந்த தமிழருக்கு உடனே புரியும். இரண்டு மொழிகளும் கெட்ட வாடைகளை நுட்பமாகப் பிரிப்பவை. மது சுவைப்போருக்கும் இந்தத் திறமையே முதலில் தேவை, ஏனெனில் கெட்ட புட்டியை ஒதுக்குவதுதான் அவர்களுடைய முதல் வேலை.

சுவையில் நம் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. சிவப்பு மதுவில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின் எச்சில் புரதத்தோடு சேர்ந்து வாயை இறுக்கும். மேலைநாட்டு மாணவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அது அறுசுவையில் ஒன்றான துவர்ப்பு. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சமையலறையில் வாழைப்பூ நறுக்குபவரைப் பாருங்கள். விரல் நுனி கறுக்கும்; நறுக்கியதை உடனே மோரில் போடுவார். வாயில் எச்சில் புரதம் செய்வதை அங்கே மோரின் புரதம் செய்கிறது. பாக்கின் துவர்ப்பு நாவை வறட்டும். நெல்லிக்காய்த் துவர்ப்புக்குப் பின் தண்ணீர் இனிக்கும். இந்த வேறுபாடுகளைச் சுட்டப் பொருளின் பெயரையே முன்னொட்டாக வைக்கிறோம். டேவிஸ் சக்கரம் செய்ததும் அதுதான்.

மணத்திலும் இவ்வழி வேதியியலால் உறுதிப்படுகிறது. ஷிராஸ் மதுவின் மிளகு மணம் ரொட்டன்டோன் என்ற சேர்மத்தால் வருகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். கருமிளகின் மணத்திலும் அதே சேர்மம் இருக்கிறது. ஓக் பீப்பாய் மதுவுக்குத் தரும் யூஜினால் கிராம்பில் இருப்பதுதான். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவின் மளிகைக் கடையில் மிளகும் கிராம்பும் பட்டையும் ஏலமும் திறந்த சாக்குகளில் நிற்கின்றன. தமிழில் ஒரு மணச் சக்கரம் வரைய விரும்புபவர் முதல் பெயர்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். முதிராத மதுவைக் குறிக்க வழைச்சும் உண்டு.