நார்வேயின் மின்வாகனக் கொள்கை

கார்களின் கரியமில வாயு உமிழ்வைக் குறைக்க, பெட்ரோல், டீசல் வண்டிகளுக்குத் தடை விதிக்காமல் வரியையே கருவியாக்கி நார்வே கொண்டுவந்த மாற்றம். 1989இல் பெல்லோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பினரும் ஆஹா பாப் இசைக்குழுவினரும், மின்சாரத்தில் ஓடும்படி மாற்றிய ஃபியட் பாண்டா ஒன்றைச் சுங்கம் கட்டாமல் ஓட்டி அரசைச் சீண்டினர். மறு ஆண்டே மின்கார்களுக்கு இறக்குமதி வரிவிலக்கு தற்காலிகமாக வந்தது. அவற்றுக்கு 1997இல் சுங்கச்சாவடிக் கட்டணமும், 2001இல் 25 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் நீக்கப்பட்டன. பெட்ரோல் கார்கள் மீதான கொள்முதல் வரியோ கடுமையாகவே நீடித்தது. சலுகைகளின் வெற்றிக்கு இந்தச் சுமையே பாதிக் காரணம் எனலாம். 2005இல் மின்கார்கள் பேருந்துத் தடத்தில் செல்லவும் அனுமதி கிடைத்தது. நெரிசலில் தவிக்கும் ஆஸ்லோவாசிக்கு இதைவிட என்ன வேண்டும்!

2024இல் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 89 விழுக்காடு மின்கார்கள். நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின் நிலையங்களிலிருந்தே வருவதால், புகை அனல்மின் நிலையத்துக்கு இடம் மாறிவிடவில்லை. மாற்றம் சாலையோடு நிற்கவில்லை: 2015இல் கார்களை ஏற்றிச்செல்லும், பேட்டரியில் இயங்கும் ஆம்பியர் என்ற படகும் சோக்னே கடற்கழியில் ஓடத் தொடங்கியது. ஆனால் நார்வே எண்ணெய், எரிவாயு ஏற்றுமதியை நிறுத்தவில்லை. வரிச்சலுகையும் முழுமையாக நீடிக்கவில்லை: 2023இல், மின்கார் விலையில் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்கு மதிப்புக்கூட்டு வரி மீண்டும் விதிக்கப்பட்டது.