வித்யாசாகரின் பெண் பள்ளிகளும் மாதச் சந்தாவும்

சமண நூல்கள் தானத்தை நான்காகச் சொல்லும்: அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம். சாத்திர தானம் என்பது கல்வி கொடுப்பது. துறவிகள் தங்கிய இடத்துக்குப் பெயரான 'பள்ளி', படிக்கிற இடத்துக்கும் பெயரானது இந்த வழியில்தான் என்பர் அறிஞர்.

வியாபாரியான எனக்கு இதிலே ஒரு கேள்வி. அன்னதானம் அந்த வேளையோடு நிறைவாகும். பள்ளி அப்படியா? மாசம் பிறந்தால் வாத்தியாருக்குச் சம்பளம் வேண்டுமே! இதற்கு விடை ஈசுவர சந்திர வித்யாசாகர் சரித்திரத்தில் இருக்கிறது. சால்ட் லேக்கிலிருந்து காலேஜ் ஸ்ட்ரீட் போகும் நம்மவர்கள் காலேஜ் ஸ்கொயரில் அவர் சிலையைப் பார்த்திருப்பீர்கள்.

1849இல் கொல்கத்தா நகரத்துப் பெண்களுக்கு பெத்யூன் பள்ளி வந்துவிட்டது. கிராமத்துப் பெண்களுக்கு? அப்போது சமஸ்கிருதக் கல்லூரி முதல்வராகவும் பள்ளி ஆய்வாளராகவும் இருந்த வித்யாசாகர், 1857 நவம்பர் தொடங்கி ஏழு மாதத்துக்குள் ஹூக்ளி, வர்த்தமான், மேதினிபூர், நதியா மாவட்டங்களில் 35 பெண் பள்ளிகளைத் திறந்தார். சுமார் 1,300 சிறுமிகள் சேர்ந்தார்கள். மாதச் செலவு ரூ. 845.

லெப்டினன்ட் கவர்னர் ஹாலிடே ஆதரவாகப் பேசியதை நம்பியே அவர் இறங்கினார். ஆனால் எழுத்திலே ஒன்றும் இல்லை! 1857 கிளர்ச்சியால் கஜானா நெருக்கடியில் இருந்த நேரம். மேலிடம் பணம் தர மறுத்தது. ஆசிரியர்களுக்குச் சம்பளப் பாக்கி ரூ. 3,439 ஏறிப்போயிற்று. அவர்களை வேலைக்கு வைத்தவன் நான், பொறுப்பும் என்னுடையதே என்று வித்யாசாகர் நின்றார். பல கடிதங்களுக்குப் பிறகு பழைய பாக்கியை மட்டும் சர்க்கார் தீர்த்தது. இனிமேல் கிடையாது என்று கைவிரித்தது. பல மனக்கசப்புகளுக்கிடையே 1858 நவம்பரில் அவரும் உத்தியோகத்தை விட்டார். மாதம் 500 ரூபாய் வருமானம் போயிற்று.

வேறொருவராயிருந்தால் பள்ளிகளை மூடியிருப்பார். இவரோ 'நாரி சிக்ஷா பண்டார்', அதாவது பெண் கல்வி நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, மாதாமாதம் சந்தா வசூலித்தார். பைக்பாரா ராஜா பிரதாப் சந்திர சிங் போன்ற செல்வந்தர்களும், ஆங்கில அதிகாரிகள் சிலரும் கொடுத்தார்கள். அவருக்கோ அச்சகமும் புத்தக வியாபாரமும் இருந்தன. 1855இல் வெளிவந்த 'வர்ணபரிசய'த்தை வங்காளப் பிள்ளைகள் எல்லாரும் வாங்கினார்கள். அந்த வருமானமும் தர்மத்துக்கே போனது. 1863இல், சந்தா கொடுத்தவர்களில் ஒருவரான சர் பார்ட்டில் ஃப்ரியருக்கு, பள்ளிகள் நன்றாக நடக்கின்றன, புதியனவும் திறக்கின்றன என்று கடிதம் எழுதினார். வாங்கிய பணத்துக்குக் கணக்குச் சொல்லும் நல்ல வழக்கம் அது!

நாம் பெரும்பாலும் கட்டடத்துக்குக் கொடுக்கிறோம். கல்வெட்டிலே பெயர் வரும். வாத்தியார் சம்பளத்துக்குக் கொடுத்தவன் பெயரை எந்தக் கல்லிலும் வெட்டுவதில்லை. ஆனால் அந்த 35 கிராமங்களில் பள்ளிக்கூட மணி அடித்தது அந்தச் சந்தாவினால்தான். அடுத்த முறை ஏதாவதொரு பள்ளிக்கு நன்கொடைச் சீட்டில் கையெழுத்திடும்போது, "அய்யா, மாசச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?" என்று நம் சங்கத்து அன்பர்கள் ஒரு வார்த்தை கேட்டால், அதுவே சாத்திர தானத்தின் ஆரம்பம்.