காலியாய்க் கிடந்த கட்டம்

அக்கா மகளின் பிறப்புச் சர்டிபிகேட்டின் கதை எங்கள் ஊர்ப்பக்கத்து அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில், 2001 ஆகஸ்டில் தொடங்குகிறது. அக்காவுக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. நான் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது, நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அப்பா பேர், அம்மா பேர், விலாசம். பிறகு, “கல்யாணம் ஆனப்ப உனக்கு என்ன வயசும்மா?”

அக்கா பேசவில்லை. எங்கள் அம்மா முந்திக்கொண்டாள். “பதினெட்டு முடிஞ்சிருந்துச்சு சிஸ்டர்.”

முடிந்திருக்கவில்லை. பதினேழுகூட நிறையவில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 1978-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆனால் அக்கா கல்யாணத்தில் மண்டபக்காரர், ஐயர், பத்திரிகை அடித்த அச்சகத்தார் என்று ஒருவரும் ஒரு தாளைக் காட்டச் சொல்லவில்லை.

பிறப்பு அறிக்கைப் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. தேதி, இடம், பெற்றோர் பெயர் உள்ள சட்டப் பகுதி பதிவாளரிடமே தங்கிப் பதிவேடாகிவிடும். தாயின் படிப்பு, தொழில், கல்யாண வயதெல்லாம் உள்ள புள்ளிவிவரப் பகுதியைத் தனியே பிரித்துக் கணக்கெடுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மா சொன்ன பதினெட்டும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறந்த 21 நாளுக்குள் மருத்துவமனையே பிறப்பைத் தெரிவித்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் பெயர் வைப்பதோ முப்பதாம் நாள். அதிலும் குலதெய்வத்தின் பேரா, அத்தானுடைய அம்மாவின் பேரா என்று இழுபறி. ஆக, நகராட்சியிலிருந்து வந்த சர்டிபிகேட்டில் பெண் என்றிருந்தது, தேதி இருந்தது, பதிவு எண் இருந்தது. பெயர்க் கட்டம் மட்டும் காலி. 12 மாதத்துக்குள் போய்ச் சொன்னால் கட்டணமில்லாமலே பெயரை ஏற்றியிருப்பார்கள். கைக்குழந்தையோடு யார் போவது?

2006-இல் பள்ளிக்கூடத்துக்குப் போனது அந்தத் தாள். தலைமையாசிரியருக்குத் தேதி மட்டும் போதுமாயிருந்தது, குறித்துக்கொண்டு கொடுத்துவிட்டார். என் காலத்தில் அதுவும் கிடையாது. தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார்கள், விரல் எட்டியது, ஜூன் 1 என்று எழுதிவிட்டார்கள். நான் பிறந்தது ஐப்பசியில். இன்றைக்கும் என் ஆதாரில் இருப்பது அந்த ஜூன் 1-தான்.

பிறகு அக்கா மகளின் சர்டிபிகேட் லேமினேஷன் ஆகி, பட்டா நகல், ரேஷன் கார்டு, ஜாதகம் எல்லாவற்றோடும் டிரங்குப் பெட்டிக்குள் போனது. ஜாதகத்தில் பிறந்த நேரம் நிமிடச் சுத்தமாக இருந்தது. சர்டிபிகேட்டில் நேரத்துக்குக் கட்டமே இல்லை. பெட்டியைத் திறந்தபோதெல்லாம் வெளியே வந்தது ஜாதகம்தான்.

2024-இல் அது மாறியது. அக்கா மகள் விரும்பிய பையன் வேறு மதம். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்து, அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, 30 நாள் காத்திருந்து செய்ய வேண்டிய கல்யாணம். ஜாதகம் பெட்டியிலேயே கிடந்தது. சர்டிபிகேட் வெளியே வந்தது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை வாங்கிப் பார்த்த அலுவலர் அம்மா அனுபவப்பட்டவர். முதலில் பிறந்த தேதியைப் பார்க்கவில்லை, பதிவு செய்த தேதியைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் உத்தரவு வாங்கித்தான் பதிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குச் சற்று முன்னால் பதிந்ததென்றால் கேள்வி வரும். இதில் சிக்கலில்லை. பிறகுதான் காலிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“பேரே இல்லியேம்மா. அக்கா சர்டிபிகேட்டக் காட்டித் தங்கச்சிக்கு முடிக்கப் பாத்தவங்க இருக்காங்க. பத்தாவது மார்க் ஷீட் இருந்தா குடுங்க, அது போதும்.”

மார்க் ஷீட் பையிலேயே இருந்தது. நான் எடுத்து நீட்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

“இரு தம்பி. இதுலயே பேரை ஏத்திட்டு வந்து குடுக்கறேன்.”

பெயர் சேர்க்க 15 ஆண்டுக் கெடு. அது 2016-லேயே முடிந்திருந்தது. விட்டுப்போனவர்களுக்காக அரசு 2024 டிசம்பர் 31 வரை நீட்டியிருந்ததால் வழி கிடைத்தது. நகராட்சியில் 200 ரூபாய் தாமதக் கட்டணம், பெற்றோரின் உறுதிமொழி, பள்ளிச் சான்று. சுகாதாரப் பிரிவில் 2001-ஆம் ஆண்டுப் பதிவேட்டைத் தேடி எடுத்தார்கள். ஓரம் பழுத்து, பைண்டிங் விட்டிருந்தது. பழைய நீல மை மங்கிப்போன வரிசையில் அந்தக் கட்டம் மட்டும் 23 வருடமாகச் சுத்தமாக இருந்தது. அலுவலர் கறுப்பு மையில் பெயரை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டார். சட்டம் அப்படித்தான் செய்யச் சொல்கிறது. எது என்றைக்கு எழுதப்பட்டது என்பது மறையக் கூடாது.

அக்கா குனிந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுல என் கல்யாண வயசு எழுதியிருக்குமா சார்?”

“அது இங்க இருக்காதும்மா. தனியா அனுப்பிடுவாங்க.”

2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும் கல்யாணத்தைப் பதியவும் பிறப்புச் சான்று ஒன்றே போதும் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பெண் குழந்தைகளில் மூத்தவர்களுக்குப் பதினெட்டு நிறைவது 2041-இல். அன்றைக்கு அவர்களுக்காகப் பேசப்போவது இந்தத் தாள் மட்டுமே. அதனால், பச்சைக்குழந்தையை வைத்திருக்கும் வீடுகளை நான் கெஞ்சிக் கேட்கிறேன்: பெயரை இப்போதே ஏற்றிவிடுங்கள்.

கல்யாணத்தன்று அந்தச் சார்பதிவாளர் அலுவலக அம்மா புதுச் சர்டிபிகேட்டைப் படிவத்தோடு ஒப்பிட்டு, பெயருக்கு நேராகவும் தேதிக்கு நேராகவும் பென்சிலால் டிக் போட்டார். மூன்று சாட்சிகள் வேண்டும். முதல் சாட்சியாக அக்கா கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, மேசைமேல் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்து, மகள் பெயரை ஒருமுறை வாய்விட்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள்.