சிப்பிப் பாரில் பிறந்த சொல்: 'பயோசினோசிஸ்' கடந்துவந்த வழி

'பயோசினோசிஸ்' என்பதைச் சூழலியல் நூல்கள் ஒரே வரியில் அறிமுகம் செய்துவிடுகின்றன: ஓரிடத்தில் சேர்ந்து வாழும் உயிரினங்களின் தொகுதி, 1877இல் கார்ல் மோபியஸ் உருவாக்கிய சொல். எந்தக் கேள்விக்கு விடையாக அது வந்தது என்பதை அந்த வரி விட்டுவிடுகிறது. கேள்வி, குத்தகை வருமானம் பற்றியது.

1866ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பிரஷ்யாவின் வசமானது. அதன் மேற்குக் கரையை ஒட்டி, வடகடலில் இருந்த சிப்பிப் பார்கள் அரசுடைமை, குத்தகைக்கு விடப்பட்டவை. (மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போர் சொல்லும் 'பார்' என்பதையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். 'படுகை' என்றால் சிப்பி ஒட்டிக்கொள்ளும் கெட்டித் தளம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.) பிரான்சில் விக்டர் கோஸ்ட் 1850களின் இறுதியில் அரசு ஆதரவோடு சிப்பி வளர்ப்பில் இறங்கியிருந்தார். அதுபோல இங்கும் செய்ய முடியுமா என்று பிரஷ்ய அரசு கீல் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் மோபியஸிடம் கேட்டது. பிரான்ஸ், இங்கிலாந்துக் கரைகளையும் பார்த்துவந்த பின் அவர் சொன்ன பதில் அரசுக்கு உவப்பானதாக இருந்திருக்காது: வடகடல் கரையில் அந்த முறை கட்டுபடியாகாது, இருக்கும் பார்களை அளவோடு அறுவடை செய்வதே வழி.

அந்த முடிவுக்கு விளக்கம் தேவைப்பட்டது. ஒரு தாய்ச் சிப்பி பத்து லட்சத்துக்கும் மேல் குஞ்சுகளை ஈனுகிறது. பிறகு ஏன் பார் பெருகிக்கொண்டே போவதில்லை? 1877இல் வெளியான சிப்பித் தொழில் நூலில் மோபியஸ் இதற்கு விடை தேடினார். பாரில் சிப்பி தனியே இல்லை. மட்டி, நண்டு, புழு, கடற்பஞ்சு, நட்சத்திர மீன் எல்லாம் அதே தளத்தையும் அதே நீர் கொண்டுவரும் உணவையும் பங்கிடுகின்றன. இடமும் இரையும் எவ்வளவோ அவ்வளவுக்கே உயிர்கள் நிலைக்கும். ஓர் இனத்தின் எண்ணிக்கை மாறினால் மற்றவற்றின் பங்கும் மாறும். பிரான்சின் ரோஷ்ஃபோர், மரேன், ஒலெரோன் பார்களை அவர் சான்றாகக் காட்டினார்: அங்கே சிப்பியை வரைமுறையின்றி வாரியெடுத்ததும் அந்த இடத்தை வேறு மட்டியினங்கள் பிடித்துக்கொண்டன. ஆக, வலை வீசும் மனிதனும் அவருடைய கணக்குக்குள் இருக்கிறான். அவருடைய வரையறையில் 'எத்தனை' என்பது 'எவையெவை' என்பதற்குச் சற்றும் குறைந்ததில்லை. பிற்காலம் மறந்தது இதைத்தான்.

வாழ்வு, பொதுவாகக் கொள்ளுதல் எனப் பொருள்படும் கிரேக்க வேர்களை இணைத்து அமைத்த பெயருக்குப் பக்கத்திலேயே 'லேபன்ஸ்கெமைண்டே' என்ற ஜெர்மன் சொல்லையும் மோபியஸ் வைத்தார். 'கெமைண்டே' ஊராட்சியையும் திருச்சபைப் பங்கையும் குறிப்பது. எல்லையும் உறுப்பினர் கணக்கும் உள்ள அமைப்பு. பின்னால் வழக்கில் நிலைத்த 'லேபன்ஸ்கெமைன்ஷாஃப்ட்' கூட்டுறவு என்ற பொதுப்பொருளைத் தருவது. எல்லையும் கணக்கும் அதில் மங்கிவிட்டன. தமிழ்ப் பாடநூல்கள் 'குழுமம்' என்றும் 'சமுதாயம்' என்றும் இரண்டு விதமாக எழுதுகின்றன. எனக்குப் பின்னதே உகந்ததாகப் படுகிறது. தஞ்சை மிராசு வழக்கில், ஊர் நிலத்தைப் பொதுவில் வைத்துப் பங்காளிகள் அனுபவிக்கும் முறைக்குச் 'சமுதாயம்' என்றே பெயர். மோபியஸ் மனத்தில் கொண்டிருந்ததும் பங்குகளின் கணக்கைத்தான்.

சொல்லின் பிற்காலப் பயணத்தைச் சுருக்கிவிடலாம். மோபியஸ் பின்னாளில் இயக்குநராக இருந்த பெர்லின் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஃபிரிட்ரிக் டால், 1908இல் வாழிடத்துக்கு 'பயோடோப்' என்று தனிப் பெயர் சூட்டினார். உயிர்த்தொகுதியும் இடமும் அத்துடன் இரு சொற்களாகப் பிரிந்தன. 1926இல் வாஸ்முண்ட், இறந்தபின் ஓரிடத்தில் சேர்ந்து படியும் உயிரெச்சங்களுக்கு 'தனடோசினோசிஸ்' என்றொரு பெயரைத் தந்தார். தொல்லுயிரியலாளர்களுக்கு இன்றும் அது பயன்படுகிறது. ஆங்கிலம் எழுதியவர்கள் கிரேக்கச் சொல்லை விட்டு 'கம்யூனிட்டி' என்பதோடு நின்றார்கள். 1935இல் டான்ஸ்லி அதையும் ஏற்கவில்லை. செடியையும் விலங்கையும் ஒரே சமுதாயத்தின் உறுப்பினர் என்பது சொல்லை மிகையாக நீட்டுவது என்று கருதி, உயிரற்ற சூழலையும் உள்ளடக்கிய 'எக்கோசிஸ்டம்' என்பதை முன்வைத்தார். 1940களில் ரஷ்யாவின் சுகாச்சேவ் எதிர்த்திசையில் போனார். பழைய சொல்லின் நடுவில் மண்ணைக் குறிக்கும் 'ஜியோ'வைச் செருகி 'பயோஜியோசினோசிஸ்' என்றார். டால் பிரித்த இரண்டையும் இருவரும் தத்தம் வழியில் மீண்டும் ஒட்டவைத்தார்கள் என்றே இதைப் படிக்க வேண்டும்.

மோபியஸ் ஆராய்ந்த பார்களில் நாட்டுச் சிப்பி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மறைந்துபோனது. அதே கரையைச் சேர்ந்த சில்ட் தீவில் 1980களின் நடுவில் வளர்ப்புக்காகப் பசிபிக் சிப்பியைக் கொண்டுவந்தார்கள். அது பண்ணையைத் தாண்டிப் பரவி மட்டித் திட்டுகளின் மேல் ஏறிக்கொண்டது. மட்டிகள் அதன் இடுக்குகளில் வாழ்கின்றன.